'பரவாயில்லை'க்கு எத்தனை மதிப்பெண்?

கீழ்பென்னாத்தூர் விவசாயி ஒருவர் திருவண்ணாமலையில் குடலிறக்கத்திற்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை மருத்துவர் வந்து, "எப்படி இருக்கிறது?" என்கிறார். "பரவாயில்லைங்க" என்று பதில் வருகிறது. காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. இந்தப் 'பரவாயில்லை'யை எதைக்கொண்டு அளப்பது?

இதற்கென ஒரு வினாப்பட்டியலை ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர மயக்க மருந்து நிபுணர்கள் 2013-இல் வெளியிட்டார்கள். மூச்சு எளிதாக விட முடிந்ததா, நன்றாகத் தூங்கினீர்களா, குமட்டல் இருந்ததா என்பன போன்ற 15 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண், மொத்தம் 150. வலி, குமட்டல் போன்ற தொல்லைகளுக்கு மட்டும் தலைகீழ்க் கணக்கு: அறவே இல்லாவிட்டால்தான் 10. வலி அதிகம் என்பதற்காகவே 10 போட்டுவிடும் நோயாளி இருக்கமாட்டாரா என்ன!

துருக்கி மொழி உள்ளிட்ட பல மொழிகளில் இது பெயர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் பெயர்த்த வினாப்பட்டியல், பழைய அடிக்கோலைப் பார்த்து வரைந்த புதிய அடிக்கோலைப் போன்றது. கோடுகள் நகர்ந்திருக்கின்றனவா என்று பார்க்காமல் அளக்கக் கூடாது. ஆங்கிலப் பட்டியலில், 'நிலைமை உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதாக உணர்கிறீர்களா?' என்னும் பொருளில் ஒரு கேள்வி உண்டு. இதை அப்படியே தமிழில் கேட்டால், நம் விவசாயி மருத்துவரின் முகத்தைத்தான் பார்ப்பார்!

எனவே முதலில் ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்த்திராத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதுவார். இரண்டையும் ஒப்பிட்டால் பிசகு தெரிந்துவிடும். பிறகு நோயாளிகளிடம் சோதனை. உடல்நிலை மாறாத ஒருவரிடம் சற்று நேரம் கழித்து மீண்டும் கேட்டால், ஏறக்குறைய அதே எண் வரவேண்டும். பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், சிறிய சிகிச்சை செய்துகொண்டவர்களைவிடப் பொதுவாகக் குறைவான எண் பெறவேண்டும். இல்லையென்றால் அந்தக் கோல் எதையோ அளக்கிறது, குணமடைவதை அல்ல.

எண்ணுக்குப் பதிலாகச் சொற்களே விடையாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். 1990-களில் உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஒரு வினாப்பட்டியலை உருவாக்கியது. அதற்காக உலகெங்கும் தேர்ந்தெடுத்த 15 மையங்களில் சென்னையும் ஒன்று. 'சில சமயம்', 'அடிக்கடி' போன்ற சொற்கள் எல்லா மொழியிலும் ஒரே அளவைக் குறிக்குமா? இதை அறிய அவர்கள் கையாண்ட வழி மிக எளியது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். 10 சென்டிமீட்டர் கோடு ஒன்று. ஒரு முனையில் 'ஒருபோதும் இல்லை', மறுமுனையில் 'எப்போதும்'. இடைப்பட்ட சொற்கள் ஒவ்வொன்றும் கோட்டில் எங்கே விழும் என்று அந்தந்த ஊர் மக்களையே குறிக்கச் செய்தார்கள். கால், அரை, முக்கால் பங்குகளுக்கு அருகில் விழுந்த சொற்களையே விடைகளாக எடுத்துக்கொண்டார்கள்.

நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு கோடு வரைந்து, முனைகளில் 'மிக மோசம்', 'மிக நலம்' என்று எழுதுங்கள். 'பரவாயில்லை' எங்கே என்று இருபது பேரைக் குறிக்கச் சொல்லுங்கள். உங்கள் பாட்டியை மறந்துவிடாதீர்கள்.