யாருடைய தொண்டு கணக்கில் வருகிறது?

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ளது ஆர்.கே.பேட்டை, விசைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற பகுதி. மாவட்டத்தின் கிழக்கு முனையில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்களில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இத்தகைய மாவட்டங்களின் காலனிகளில் மாலை நேரத்தில் சிறுவர்களைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்லித் தருவதும், எழுதப் படிக்கத் தெரியாத முதியோருக்கு உதவித்தொகை மனு எழுதிக் கொடுப்பதும் பதின்வயதினர் பலர் ஓசையின்றிச் செய்துவரும் பணிகள். இப்பணியை அங்கீகரிப்பது யார், எந்த அளவுகோலைக் கொண்டு என்பதே நம்முன் உள்ள கேள்வி.

தமிழ்நாடு அரசு 2015 முதல் விடுதலை நாளன்று முதலமைச்சர் மாநில இளைஞர் விருதை வழங்கி வருகிறது. 15 முதல் 35 வயதுக்குட்பட்டோர் இதற்கு விண்ணப்பிக்கலாம். மூன்று ஆண்களுக்கும் மூன்று பெண்களுக்கும் தலா ஒரு இலட்சம் ரூபாய், பாராட்டுச் சான்றிதழ், பதக்கம் ஆகியவை தரப்படுகின்றன. ஆற்றிய தொண்டு கண்டறியக் கூடியதாகவும் அளவிடக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. உள்ளூர் மக்களிடம் விண்ணப்பதாரருக்கு உள்ள செல்வாக்கும் பரிசீலனையில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்கிறது அறிவிக்கை.

இந்தக் கடைசி வரி நின்று யோசிக்கத்தக்கது. ஊர் என்றும் காலனி என்றும் இரண்டாகப் பிரிந்து கிடக்கும் கிராமத்தில் 'உள்ளூர் மக்கள்' என்போர் யார்? காலனிக்குள் பத்துப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து இடைநிற்காமல் காத்த ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஊர்த்தெருவில் செல்வாக்கு எப்படி வரும்? அளவிடுதல் என்பதும் அப்படித்தான். புகைப்படம், நாளிதழ்ச் செய்தி, பதிவுபெற்ற அமைப்பின் கடிதம் ஆகியவை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு எளிதில் கிட்டும். வார இறுதியில் கூலி வேலைக்குப் போய்விட்டு மாலையில் பாடம் நடத்தும் மாணவரிடம் அவற்றை எதிர்பார்க்க இயலாது. விதி யாரையும் பெயர் சொல்லி விலக்கவில்லை; ஆயினும் விலக்கம் நிகழ்ந்துவிடுகிறது.

செல்வாக்கும் பதவியும் உள்ளவருக்கே பொது மேடை மறுக்கப்படும் என்பதற்கு இம்மாவட்டமே சான்று. கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தைச் சேர்ந்த ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவரான அமிர்தம், தலித் பெண் என்பதால் 2020 ஆகஸ்ட் 15 அன்று தேசியக் கொடி ஏற்றவிடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்தபின், ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவருக்கே இந்த நிலை என்றால், எந்தப் பொறுப்பும் இல்லாத ஒரு தலித் மாணவரை அதே கொடிக்கம்பத்தின் அருகே நிறுத்திப் பாராட்ட எத்தனை ஊர்கள் முன்வரும்?

இன்னொரு வேறுபாட்டையும் தெளிவாக வரையறுக்க வேண்டும். தலித் மக்களின் உழைப்பைச் சாதிச் சமூகம் நெடுங்காலமாக 'ஊர்ப்பணி' என்றே அழைத்து வந்திருக்கிறது. சாவுச்செய்தி சொல்லுதல், பறையடித்தல், தூய்மைப்பணி யாவும் அந்தக் கணக்கில் வாங்கப்பட்டவையே. 2022 இறுதியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிக் குழந்தைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாக எழுந்த புகாரில் தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டார். 'சேவை', 'பொறுப்புணர்வு' என்னும் சொற்கள் இத்தகைய கொடுமைக்குத் திரையாகிவிடக் கூடாது. அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வெட்டி வேலையைத் தடை செய்கிறது. பொதுநோக்கத்துக்காக அரசு கட்டாயப் பணி விதித்தாலும் அதில் சாதி, மத, இன, வர்க்க அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. விரும்பி ஏற்பதும் மறுக்கும் உரிமை இருப்பதுமே தொண்டின் இலக்கணம்.

அப்படியானால் நல்ல அங்கீகாரம் எப்படி இருக்க வேண்டும்? சாவித்திரிபாய் புலே, ஜோதிராவ் புலே இணையரின் பள்ளியில் பயின்ற மாங் சமூகச் சிறுமி முக்தா சால்வே, மகர், மாங் மக்களின் துயரம் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் வெளிவந்தது. அவரைப் பாராட்டி ஆங்கிலேய அதிகாரி ஒருவர் இனிப்பு வழங்கியபோது, இனிப்பு வேண்டாம், நூலகம் கொடுங்கள் என்று முக்தா கேட்டதாகச் சொல்லப்படுகிறது. பாராட்டு ஒருவர் கழுத்தில் விழும் மாலையோடு முடியாமல், அவர் செய்யும் பணிக்கு வலுச்சேர்க்க வேண்டும் என்பதே அக்கோரிக்கையின் பொருள்.

தமிழ்நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம், மாலைநேரத்தில் கற்பித்த தன்னார்வலர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் மதிப்பூதியம் வழங்கியது. தொகை சிறிது, ஆனால் ஏழைத் தன்னார்வலரின் நேரத்துக்கும் மதிப்பு உண்டு என்பதை அரசு ஒப்புக்கொண்டது அதில் தெரிந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரும் அவரைக் காக்க முயன்ற தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் எல்லாச் சமூக மாணவர்களும் இணைந்த 'சமூக நீதி மாணவர் படை'யைப் பரிந்துரைத்தது. அதற்குத் தனிச் சீருடையும் பயிற்சியும் வேண்டும் என்றது. சாதியை எதிர்த்து நிற்பதும் சமூகத் தொண்டே என்று ஏற்கும் பரிந்துரை அது.

விருதுக் குழுக்கள் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பதினெட்டு வயது நிரம்பாதோருக்கு அங்கே வாக்குரிமை இல்லை. எனினும் அவர்கள் பணியைப் பாராட்டித் தீர்மானம் கொண்டுவர வாக்காளர்களான பெற்றோரால் முடியும். தீர்மானப் பதிவேட்டில் ஏறும் ஒரு வரி, நாளை விருது விண்ணப்பத்துக்கோ கல்லூரிச் சேர்க்கைக்கோ பொது ஆவணமாகப் பயன்படும். படிப்பகத்துக்கு மின்விளக்கும் புத்தகமும் இடமும் கேட்கும் தீர்மானத்தையும் அதனுடன் சேர்க்கலாம்.

கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் செய்யக்கூடியவை உண்டு. காலனிப் படிப்பகங்களில் எந்த நாளில், எத்தனை பிள்ளைகளுக்கு, என்ன கற்பிக்கப்பட்டது என்று குறிப்பேடு எழுதப் பழக்குங்கள். விருது விண்ணப்பங்களை நிரப்ப உதவுங்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள்தோறும் நாட்டு நலப்பணித் திட்ட அலகு வேண்டும் எனக் கோருங்கள். சிறார்களின் படத்தையும் பெயரையும் அவர்களும் பெற்றோரும் இசையாமல் வெளியிடாதீர்கள். வறுமையைக் காட்டிப் பரிதாபம் தேடுவது பாராட்டு ஆகாது. அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது இரக்கமன்று; தங்கள் பணி பணியாகவே எண்ணப்படும் உரிமை.