பழைய மடிக்கணினியில் ஒரு பிட்ஜின்

என் மடிக்கணினியின் நினைவகம் 2 ஜிபிதான். அலுவலக அரட்டைச் செயலியைத் திறந்தாலே விசிறி இரையும். தட்டிய எழுத்து திரைக்கு வர நேரமாகும். இன்றைய செயலிகள் பலவும் குரோமியம் என்ற முழு உலாவியையே உள்ளே சுமந்துகொண்டு ஓடுகின்றன, அதுதான் காரணம்.

பிட்ஜின் என்ற அரட்டைச் செயலி அப்படியல்ல. 1998-இல் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க மாணவர் 'கெய்ம்' என்று தொடங்கியது. 2007-இல் பெயர் பிட்ஜின் என்று மாறியது. இதில் அரட்டைச் சேவை ஒருவருடையது, அதற்குள் நுழையும் வாசலான பிட்ஜின் வேறொருவர் செய்தது. எக்ஸ்எம்பிபி, ஐஆர்சி என்ற அரட்டை நெறிமுறைகளில் உள்ள என் கணக்குகள் இரண்டும் எனக்கு ஒரே பட்டியலில் கிடைக்கின்றன. செருகுநிரல்களால் வேண்டியதைச் சேர்க்கலாம். செய்தி வரும்போது எழும் ஒலியை நான் நிறுத்திவிட்டேன், எவ்வளவு நிம்மதி!

ஒரு எச்சரிக்கை: சேமிக்கச் சொன்னால் பிட்ஜினின் 2-ஆம் பதிப்பு கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே கோப்பில் எழுதிவைக்கும். பலர் புழங்கும் கணினியில் கடவுச்சொல்லைச் சேமிக்கும் கட்டத்தில் டிக் போடாதீர்கள்.