இல்லாத குளம்

வீட்டை விற்க விரும்புவோர் சுவருக்கு வெள்ளையடித்து, முற்றத்தைத் துப்புரவு செய்து, பழுதுபட்ட கதவைச் சீர்ப்படுத்தி, அதன்பின் வாங்க வருவோர்க்குக் காட்டுவர். இஃது எந்நாட்டிற்கும் பொதுவான வழக்கம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வழக்கம் ஒரு தனித்தொழிலாக வளர்ந்து, கணிப்பொறியின் துணையால் இன்று வியத்தகு நிலையை எய்தியுள்ளது. சரளைக் கல்லும் காய்ந்த புல்லும் கிடக்கும் வீட்டுப் பின்புறத்தின் நிழற்படத்தில், நீல நீர் ததும்பும் நீச்சல் குளம் ஒன்றை வரைந்து சேர்த்து விற்பனை விளம்பரத்தில் வெளியிடுகின்றனர். மண் ஒரு பிடியும் தோண்டப்படவில்லை. நீர் ஒரு துளியும் நிரப்பப்படவில்லை. ஆயினும் காண்பார் கண்ணுக்குக் குளம் இருக்கிறது. இக்குளம் எவ்வாறு உருவாகிறது, அது வாங்குவோர்க்கு எப்போது துணைபுரிகிறது, எப்போது அவரை ஏமாற்றுகிறது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முறையை ஆங்கிலத்தில் ‘வர்ச்சுவல் ஸ்டேஜிங்’ என்பர். ‘ஸ்டேஜ்’ என்பது நாடக மேடை. 1972-ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநிலத்தில் பார்ப் சுவார்ட்ஸ் என்னும் பெண்மணி, விற்பனைக்கு வரும் வீட்டை நாடக மேடைபோல் அணிசெய்து காட்டும் முறையைத் தொடங்கி வைத்தார் என்பர். அக்காலத்தில் அணிசெய்தல் என்பது உண்மையான நாற்காலிகளையும் திரைச்சீலைகளையும் வெற்று வீட்டில் கொணர்ந்து இடுவதாக இருந்தது. நிழற்படத்தில் மட்டும் நாற்காலியை இட்டால் போதும் என்னும் நிலை பிற்காலத்தில் வந்தது. தமிழில் இதனை ‘மெய்நிகர் அரங்கமைப்பு’ எனலாம். ‘நிகர்’ என்பது ஒப்புமையைக் குறிக்கும் சொல்; ஒன்றற்கு நிகரானது அதுவே ஆகிவிடாது. ஆங்கிலச் சொல்லில் மறைந்து கிடக்கும் இவ்வேறுபாட்டைத் தமிழ்ச் சொல் வெளிப்படையாகவே தாங்கி நிற்கிறது. இத்தொழிலில் எழும் சிக்கல்கள் யாவும் அந்த ‘நிகர்’ என்னும் பாதியை மறைப்பதனால் விளைவனவே.

குளம் ஏன்?

சோபாவையும் மேசையையும் வரைந்தவர் நீச்சல் குளத்தையும் வரையத் துணிந்தமைக்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், அமெரிக்க நடுத்தர மக்களின் நல்வாழ்வுக் கனவில் வீட்டுப் பின்புறக் குளத்திற்குத் தனியிடம் அமைந்தது. கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில், டானெல் குடும்பத்தாரின் தோட்டத்தில், தாமஸ் சர்ச் என்னும் நிலவடிவமைப்பாளர் 1948-இல் சிறுநீரக வடிவில் ஒரு குளத்தை அமைத்தார். அதன் படங்கள் இதழ்கள் வாயிலாகப் பரவி, அவ்வடிவம் பல்லாயிரம் வீடுகளில் பின்பற்றப்பட்டது.

டேவிட் ஹாக்னி 1967-இல் தீட்டிய ‘எ பிக்கர் ஸ்பிளாஷ்’ என்னும் ஓவியமும் ஈண்டு நினைக்கத்தக்கது. தாழ்ந்த ஒரு கட்டடம், இரண்டு பனைமரங்கள், நீல நீர், யாரோ குதித்தமையால் எழுந்த வெண்ணிறத் தெறிப்பு ஆகியன அதில் உள்ளன, குதித்தவர் தென்படவில்லை. கலிபோர்னிய வாழ்வையே கண்முன் நிறுத்துவதாகப் போற்றப்படும் இவ்வோவியத்தின் குளம், நீச்சல் குளம் கட்டுவது பற்றிய நூல் ஒன்றில் இருந்த நிழற்படத்தைத் தழுவியது. பின்னணிக் கட்டடமோ ஓவியர் வேறிடத்தில் வரைந்து வைத்திருந்த சித்திரத்தினின்று எடுக்கப்பட்டது. ஓரிடத்துக் குளத்தையும் மற்றோரிடத்து வீட்டையும் இணைத்தல் ஓவியர்க்குப் புதிதன்று என்பது இதனால் விளங்கும். ஆனால் ஹாக்னி அந்த வீட்டை எவர்க்கும் விற்கவில்லை!

நீரை வரையும் கலை

நாற்காலியை வரைவதினும் நீரை வரைவது கடினம். முதலில் அளவு வேண்டும். நிழற்படத்தில் உயரம் தெரிந்த பொருள் ஏதேனும் ஒன்றைக் கொண்டு மற்றவற்றை அளக்கின்றனர். பின்வேலி பெரும்பாலும் 6 அடி உயரமுடையது. அது படத்தில் எவ்வளவு தோன்றுகிறது என்பதிலிருந்து, அதே தொலைவில் 15 அடி அகலமும் 30 அடி நீளமும் உள்ள குளம் எவ்வளவு தோன்ற வேண்டும் எனக் கணக்கிடலாம். இணைகோடுகள் தொலைவில் ஒரு புள்ளியை நோக்கிக் குவிவதாகத் தோன்றும் அல்லவா? வீட்டின் கூரை விளிம்பும் வேலியும் எப்புள்ளியை நோக்கிச் செல்கின்றனவோ, அவற்றிற்கு இணையான குளத்தின் விளிம்பும் அப்புள்ளியையே நோக்க வேண்டும். சற்றுப் பிறழ்ந்தாலும் குளம் தரையில் பதியாமல் மிதப்பதுபோல் தோன்றும்.

அடுத்தது ஒளி. வேலியின் நிழல் எத்திசையில், எவ்வளவு நீளத்தில் விழுகிறதோ அதற்கேற்பவே குளத்தின் உட்சுவரிலும் நிழல் விழ வேண்டும். நீருக்கோ இரண்டு இயல்புகள் உள. அருகில் நின்று குனிந்து நோக்கினால் அடித்தளம் தெரியும். தொலைவில் சாய்வாக நோக்கினால் வானமும் வேலியும் மரமும் அதில் பிரதிபலிக்கும். ஆகவே ஒரே குளத்தின் முற்பகுதி தெளிந்த நீராகவும் பிற்பகுதி கண்ணாடியாகவும் தீட்டப்படுதல் வேண்டும். ஒளிக்கோட்டத்தால் அடித்தளம் சற்று மேலெழுந்து தோன்றுவதையும், அலைகள் ஒளியைக் குவித்து அடியில் வலைபோல் நெளியும் கோடுகளை உண்டாக்குவதையும் மறத்தல் கூடாது. இவற்றுள் ஒன்று தவறினாலும், காண்பவர் காரணம் கூற இயலாதவராயினும், ‘ஏதோ ஒட்டவில்லை’ என உணர்ந்துவிடுவார்.

‘போட்டோஷாப்’ போன்ற மென்பொருள்களில் மணிக்கணக்கில் அமர்ந்து இதனைச் செய்து வந்தனர். 2022-க்குப் பின் பரவிய செயற்கை நுண்ணறிவுப் படமாக்க முறைகள், ‘இங்கே ஒரு குளம் வரைக’ எனக் கட்டளையிட்ட சில நொடிகளில் குளத்தைத் தந்துவிடுகின்றன. உண்மையான குளத்தைக் கட்டப் பல்லாயிரக்கணக்கான டாலர் செலவாகும்; படக்குளத்திற்குச் சில டாலர்களே போதும். ஆனால் விரைவில் ஓர் இடர் உண்டு. கையால் வரைபவர் வேலியை அளந்தே தீர வேண்டும். கட்டளையிடுபவர் எதனையும் அளக்க வேண்டுவதில்லை. இயந்திரமோ இடத்திற்கேற்ற குளத்தை வரைவதற்கு மாறாகக் குளத்திற்கேற்ப இடத்தையே விரித்துவிடுதலும் உண்டு. குளத்தின் அருகில் இடப்படும் சாய்வு நாற்காலியை இயல்பான அளவினும் சிறிதாக வரைந்தால் போதும். சிறு கொல்லையும் மைதானம்போல் காட்சியளிக்கும்.

மண்ணுக்குள் இருப்பது

வெற்றுக் கூடத்தில் சோபா இருப்பதாகக் காட்டினால் வாங்குபவர்க்குப் பேரிழப்பு நேராது; நாளையே கடைக்குச் சென்று அதனை வாங்கி அவ்விடத்தில் இடலாம். குளம் அத்தகையதன்று. அவ்விடத்தில் அதனைக் கட்ட முடியுமா என்பது நிலத்தையும் சட்டத்தையும் பொறுத்தது. இவ்வேறுபாட்டைப் பலர் கருதிப் பார்ப்பதில்லை.

கொல்லை 25 அடி ஆழமுடையது எனக் கொள்வோம். பின்வேலியிலிருந்து 5 அடியும் வீட்டுச் சுவரிலிருந்து 5 அடியும் விட்டே குளம் தோண்ட வேண்டும் என உள்ளூர் விதி இருப்பின், எஞ்சுவது 15 அடியே. படத்தில் 20 அடி அகலக் குளம் இருக்குமாயின் அது விதியின் வரம்புக்குள் அடங்காது. மின்கம்பியும் குழாயும் கொண்டு செல்லும் உரிமை பின்வேலி ஓரத்தில் பிறர்க்கு இருப்பின், அவ்விடத்திலும் தோண்டலாகாது. கழிவுநீர்த் தொட்டி புதைந்திருக்கலாம்; பெருமரத்தின் வேர் பரந்திருக்கலாம். தோண்டுமுன் 811 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி வழித் தெரிவித்தால், நிலத்தடிக் குழாய்களும் கம்பிகளும் செல்லும் வழியை அடையாளமிட்டுத் தரும் ஏற்பாடு அந்நாட்டில் உள்ளது. நிழற்படத்தில் தோண்டுபவர்க்கு இத்தொல்லை இல்லை. வீட்டின் பக்கவாட்டு வழி குறுகலாயின் தோண்டும் இயந்திரம் பின்புறம் செல்லவே இயலாது என்பதும் படத்தில் தெரியாத உண்மை.

நெவாடா மாநிலத்து லாஸ் வேகாஸ் நகரைச் சூழ்ந்த கிளார்க் கவுண்டி இதற்குச் சிறந்த சான்று. அப்பகுதிக்குக் கொலராடோ ஆற்று நீரைத் தரும் மீட் ஏரி, 2022 கோடையில், 1937-க்குப் பின் கண்டிராத தாழ்மட்டத்தை அடைந்தது. அவ்வாண்டிலேயே, தனி வீடுகளில் புதிதாகக் கட்டப்படும் குளத்தின் நீர்ப்பரப்பு 600 சதுர அடியைக் கடத்தல் ஆகாது என அப்பகுதி நிருவாகம் விதித்தது. அங்குள்ள வீடு ஒன்றின் படத்தில் 20 அடிக்கு 40 அடியாகக் குளம் வரைந்தால் அது 800 சதுர அடி ஆகிறது. அஃது இன்று இல்லாத குளம் மட்டுமன்று. அவ்விதி உள்ளவரை கட்டவும் இயலாத குளம்.

கலிபோர்னியாவில் 2018-ஆம் ஆண்டு முதல், புதிய குளம் கட்டுவோர் சட்டம் குறிக்கும் ஏழு பாதுகாப்பு ஏற்பாடுகளுள் குறைந்தது இரண்டைச் செய்தாக வேண்டும். குளத்தைத் தனியே அடைக்கும் வேலி, மூடி, கதவு திறந்தால் ஒலிக்கும் மணி முதலியன அவற்றுள் அடங்கும். ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளின் இறப்பிற்கு அந்நாட்டில் முதன்மைக் காரணமாக இருப்பது நீரில் மூழ்குதலே. விளம்பரப் படங்களிலோ குளத்தைச் சுற்றி வேலியைக் காண்பது அரிது. வேலி அழகைக் கெடுக்கும் என விட்டுவிடுகின்றனர் போலும். குழந்தையுள்ள பெற்றோர் அப்படத்தைக் கண்டு மனத்தில் போடும் கணக்கில் வேலிக்குரிய இடமும் செலவும் விடுபட்டுப் போகின்றன.

ஆகவே நேர்மையான முகவர் செய்யத்தக்கது தெளிவு. நிலத்தை அளந்து, உள்ளூர் விதியைக் கேட்டறிந்து, குளம் கட்டுவோர் தந்த வரைபடத்தின்படி படத்தை அமைத்து, ‘இது கட்டத்தக்க குளம்; கட்டப்பட்ட குளமன்று’ என அதன்மேலேயே எழுதினால், அப்படம் வாங்குபவர்க்கு மெய்யாகவே உதவும். காய்ந்த புல்வெளியைக் கண்டு அங்கு என்ன அமையும் என எண்ணிப் பார்க்க எல்லார்க்கும் இயல்வதில்லை. இத்தகைய படத்தைக் குறைகூற எனக்கு மனமில்லை.

குறைகூற வேண்டிய வகை வேறு. பாசி படர்ந்து பச்சை நீர் தேங்கிய பழைய குளத்தைப் படத்தில் மட்டும் நீலமாக்குவது அது. குளம் உண்மையில் இருக்கிறது. ஆதலின் பொய் சொல்லவில்லை என வாதிடுவர். ஆனால் பச்சை நீர் பழுதுபட்ட நீரேற்றியின் அறிகுறியாகலாம். வற்றிய குளத்தில் தெரியும் வெடிப்பு பெருஞ்செலவின் முன்னறிவிப்பாகலாம். இல்லாத குளத்தை வரைந்தவரின் பொய் வாங்குபவர் பின்கதவைத் திறந்தவுடன் வெளிப்பட்டுவிடும். வெளியூரிலிருந்து படத்தை மட்டும் கண்டு விலைபேசுபவர்க்கு, குளத்தின் பழுதை மறைத்தவரின் பொய் பணம் கைமாறிய பின்னரே தெரியவரும்.

சட்டம் வகுத்த வழி

அமெரிக்க வீடு விற்பனை முகவர்களின் தேசிய சங்கம் 1913-லேயே தனக்கென ஒழுக்க நெறிகளை வகுத்துக்கொண்டது. விளம்பரம் உண்மையான தோற்றத்தைத் தருதல் வேண்டும் என்பது அதன் இன்றைய நெறிகளுள் ஒன்று. எனினும் நெறி வேறு, சட்டம் வேறு. கலிபோர்னியச் சட்டமன்றம் 2025-இல் இயற்றி, 2026 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம் இதனை நேரடியாகவே தொடுகிறது. அதன்படி உரிமம் பெற்ற முகவர் கணிப்பொறியால் மாற்றப்பட்ட படத்தை விளம்பரத்தில் பயன்படுத்தினால், மாற்றப்பட்டது என்பதைப் படத்தின் மேலோ அதன் அருகிலோ எளிதில் தெரியுமாறு குறித்தல் வேண்டும். மாற்றப்படாத மூலப்படத்தை எவரும் காண வழிசெய்தலும் வேண்டும். தளவாடங்கள், சுவர், தோட்டம், சன்னல் வழித் தோன்றும் காட்சி, தெருவிலுள்ள மின்கம்பம் வரை யாவும் இதில் அடங்கும். ஒளியைக் கூட்டுதல், கோணலை நேராக்குதல், ஓரத்தை வெட்டுதல் போன்று வீட்டின் இயல்பை மாற்றாத திருத்தங்கட்கு விலக்குண்டு. நிறத்திருத்தமும் விலக்குப் பெற்றதே. ஆயினும் பச்சைக் குளத்தை நீலமாக்கியவர் ‘நான் நிறத்தைத்தான் திருத்தினேன்’ என்று இவ்விலக்கில் ஒளிந்துகொள்ள இயலாது என்பதே என் கருத்து. அவர் திருத்தியது நிறத்தை அன்று, நீரின் நிலையை.

இச்செய்திகள் கடல் கடந்த நாட்டினவாயினும் அப்படங்கள் பலவற்றைத் தீட்டும் கைகள் நமக்கு அண்மையில் உள்ளன. அமெரிக்க முகவர்கள் மாலையில் அனுப்பும் படங்களை இந்தியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளின் இளைஞர்கள் திருத்தி, அங்கே பொழுது விடிவதற்குள் திருப்பி அனுப்பி வருகின்றனர். லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்துக் குளங்கள் அனைத்தையும் வான்படங்களிலிருந்து எண்ணி 2013-இல் வெளிவந்த நிலப்படத் தொகுப்பு ஒன்று நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்ட குளங்களைக் காட்டியது. அக்குளங்களின் விளிம்பைக் கோடிட்டுத் தந்த வேலையும் இந்தியாவிலேயே செய்யப்பட்டது. நம் மாணவருள் சிலரும் நாளை இத்தொழிலுக்குச் செல்லக்கூடும். இந்நாள்வரை படத்தில் குளத்தை வரைந்து தருவதோடு அவர்தம் பணி முடிந்தது. மூலப்படம் என்னவாயிற்று என எவரும் கேட்டதில்லை. இனிக் கலிபோர்னியாவுக்குச் செல்லும் ஒவ்வொரு குளத்தோடும், சரளைக் கல்லும் காய்ந்த புல்லும் கிடக்கும் அந்தப் பழைய படமும் உடன்செல்ல வேண்டும்.