உப்பின் கணக்கு

பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். துணியில் சாயம் தங்கிவிடும், உப்போ கழுவுநீரோடு போய்விடும். திருப்பூரில் அது நொய்யல் ஆற்றில் கலந்து, 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையையே கழிவுநீர்த் தேக்கமாக்கியது. விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஊர் திணறியது உண்மை, தொழில் சாகவில்லை. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரைச் சவ்வு வழியே வடிகட்டி, மிஞ்சும் உவர்நீரைக் காய்ச்சி, தண்ணீரில் பெரும்பகுதியையும் உப்பில் ஒரு பங்கையும் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

‘செலவு கட்டுப்படியாகாது, வெளிநாட்டுப் போட்டியில் தோற்போம்’ என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆவியாக்கிகள் எரிபொருளையும் மின்சாரத்தையும் விழுங்குகின்றன. பிரிக்க முடியாத கலப்பு உப்பு கிடங்குகளில் குவிகிறது. ஆனால் முன்பு சாயம் போடுவது மலிவாக இருந்ததே எப்படி? மீதிச் செலவை ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயி தன் கிணற்றைக் கொடுத்துக் கட்டினார். (அந்தப் பற்று எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் ஏறவில்லை.) ஆக, கடைசியில் வடிகட்டுவது பாதி வேலைதான், மாற்றம் சாயத்தொட்டியிலேயே தொடங்க வேண்டும். உப்பைக் குறைவாகக் கேட்கும் சாயங்கள் இருக்கின்றன. அவற்றுக்கான கூடுதல் விலையை, பனியன் வாங்கும் பெரிய நிறுவனங்கள்தான் கொடுக்க வேண்டும்.