திரும்பி வரும் லாரியில் என்ன இருக்கிறது?

தென்காசி மாவட்டத்திலிருந்து கேரளத்துக்குப் போகும் லாரிகளில் என்ன இருக்கும் என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். புளியங்குடி எலுமிச்சை, பாவூர்சத்திரம் சந்தைக் காய்கறி, வைக்கோல் கட்டு, ஜல்லி, எம்-சாண்ட். கொல்லம்–திருமங்கலம் நெடுஞ்சாலையில் செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு கணவாய்க்குள் நுழையும் அந்த வண்டிகள் சரக்கை இறக்கிவிட்டு அதே வழியில் திரும்புகின்றன. காலியாகத் திரும்பினால் டீசல் காசு கைநஷ்டம். அதை ஈடுகட்டச் சிலர் ஒரு ‘ரிட்டர்ன் லோடு’ பிடிக்கிறார்கள். கோழிக்கழிவு, மீன்கழிவு, ஓட்டல் எச்சில், கிழிந்த பிளாஸ்டிக், சில நேரம் ஆஸ்பத்திரிக் குப்பை. எல்லை தாண்டியதும் ஏதாவது ஒரு குளத்தங்கரையோ தரிசு நிலமோ சாலையோரப் பள்ளமோ கிடைத்தால் போதும், இருட்டில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இதே நெடுஞ்சாலை வடக்கே கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று மலையை ஒட்டியே நீள்கிறது. சிவகிரி வட்டத்துப் பேரூராட்சியான ராயகிரி இந்த வரிசையில்தான் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்றதும் திருப்பூர் சாயப்பட்டறை, ராணிப்பேட்டை தோல் ஆலை, தூத்துக்குடி தாமிர ஆலை ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. பெரிய ஆலை இல்லாத ஊருக்கு அந்த வாரியத்தால் என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் ராயகிரி போன்ற ஊர்களில் இயல்பாகவே உண்டு. 2024 டிசம்பருக்குப் பிறகு அப்படி நினைக்க வழியில்லை.

அந்த மாதம் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதியில் மருத்துவக் கழிவு குவிந்து கிடப்பதை ஊர்க்காரர்கள் கண்டார்கள். குவியலில் கிடந்த தாள்களில் நோயாளிகளின் விவரங்கள் இருந்தன. திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் பெயர்களும் இருந்தன. தாமிரபரணி ஓடும் பகுதி அது. செய்தி பரவியதும் காவல்துறை வழக்குப் பதிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, மூன்று நாளுக்குள் கேரளமே வந்து கழிவை அள்ளிச் செல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. டிசம்பர் 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். கொட்டியவரே வந்து அள்ளிய காட்சியை நம் நாட்டில் அதற்கு முன் எத்தனை பேர் பார்த்திருப்போம்?

இதைத் தமிழ்நாடு–கேரளச் சண்டையாக மட்டும் பார்த்தால் பாதி உண்மை விட்டுப்போகும். அந்த வழக்கில் கைதானவர்களில் உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். இங்கே இடம் காட்ட ஆள் இல்லாமல் அங்கிருந்து வண்டி வராது. ஆஸ்பத்திரிகளும் பெரும்பாலும் வண்டிக்காரனிடம் நேரடியாகக் குப்பையைக் கொடுப்பதில்லை. இடையில் ஒப்பந்தக்காரர், துணை ஒப்பந்தக்காரர் என்று ஒரு சங்கிலி இருக்கிறது. முறையாக அழிக்கச் செலவு அதிகம், தூக்கி எறியச் செலவு குறைவு. இடையில் மிஞ்சும் பணத்துக்காகத்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. கேரளத்தில் பாலக்காட்டில் இந்திய மருத்துவச் சங்கத்தின் மாநிலக் கிளை நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம்தான் நெடுங்காலம் அந்த மாநிலத்துக்கே பெரிய வடிகாலாக இருந்தது. திருவனந்தபுரத்துக்கு அது முன்னூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லையோ சில மணி நேரப் பயணம்தான்.

சட்டம் இதையெல்லாம் நினைத்துப் பார்க்காமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி ஆஸ்பத்திரிக் குப்பை பிறக்கும் இடத்திலேயே நிறம் பிரித்து வைக்கப்பட வேண்டும். ரத்தம் தோய்ந்த பஞ்சும் உடல் பாகங்களும் மஞ்சள் பையில், பிளாஸ்டிக் குழாயும் பாட்டிலும் சிவப்புப் பையில், ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலப் பெட்டியில். பைகளில் பார்கோடு இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது. மஞ்சள் பை போகும் எரி உலையின் இரண்டாம் அறையில் வெப்பம் 1,050 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், புகை அங்கே இரண்டு நொடியாவது தங்க வேண்டும். இந்தக் கணக்குக்குக் காரணம் உண்டு. குறைந்த சூட்டில் பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு காற்றில் கலக்கும். தோட்டத்து ஓரம் கிடக்கும் குவியலுக்கு யாரோ நல்லெண்ணத்தில் தீ வைப்பது, கொட்டியவன் செய்ததைவிடப் பெரிய கேட்டில் முடியலாம்.

இந்த விதிகளுக்கு வெகுமுன்பே, 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1981இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம், போபால் விபத்துக்குப் பிறகு 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் ஆகியவை வந்தன. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரியில் அமைந்தது. ஒரு தொழிற்சாலை கட்டுவதற்கு முன் ஓர் இசைவு, ஓட்டுவதற்கு முன் இன்னோர் இசைவு வாங்க வேண்டும். மாசின் அளவைப் பொறுத்துத் தொழில்கள் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை போன்ற வகைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. செங்கல் சூளையும் கல் உடைக்கும் கிரஷரும்கூட இந்தக் கணக்குக்குள் வரும். பேரூராட்சியின் குப்பைத் தரம்பிரிக்கும் இடத்துக்கும் விதி உண்டு. மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் நேரில் பார்க்கலாம், தண்ணீரும் காற்றும் மாதிரி எடுக்கலாம். மீறல் இருந்தால் ஆலையை மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் வாரியம் உத்தரவிடலாம். பெரிய அதிகாரம் இது.

ஆனால் இந்த அதிகாரம் முழுக்க ஒரு முகவரியை நம்பி நிற்கிறது. ஆலைக்குப் பெயர் உண்டு, கதவு உண்டு, மின் இணைப்பு எண் உண்டு. இரவு இரண்டு மணிக்குப் புளியரையில் எல்லை தாண்டும் லாரிக்கு இசைவு மறுக்கவோ மின்சாரத்தைத் துண்டிக்கவோ முடியாது. நம் மாநிலத்துச் சுற்றுச்சூழல் காவலில் மிகப்பெரிய ஓட்டை இதுதான் என்று நான் கருதுகிறேன்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். புளியரை, செங்கோட்டைப் பக்கம் குண்டாறு. வடக்கே மேக்கரையில் அனுமன் நதி, அதற்கும் வடக்கே கடையநல்லூரில் கருப்பாநதி. குற்றால அருவிகளில் விழும் தண்ணீரைக் கொண்டுபோகும் சிற்றாற்றில் இவையெல்லாம் சேர்கின்றன. சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. சிவகிரிப் பக்கத்து ஓடைகளோ வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்தவை. இரண்டு ஆறுகளின் தலைமாட்டில், ஒரே நெடுஞ்சாலையின் ஓரத்தில், இந்தக் குப்பை இறங்குகிறது. தாமிரபரணி உள்ளிட்ட ஆறுகளிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் கடும் மாசு ஏற்படுத்தும் தொழில்களைத் தொடங்கக் கூடாது என்று தமிழ்நாடு அரசு 1998இலேயே ஆணை போட்டிருக்கிறது. ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் தடை உள்ள ஆற்றங்கரையில் ஊசியையும் ரத்தப் பஞ்சையும் கொட்ட முடிந்திருக்கிறது என்பது நெஞ்சைச் சுடுகிறது.

குற்றாலம் இன்னொரு பாடம். அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்பதும், ஓடைகளைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை வேண்டும் என்பதும் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் வழியாகத்தான் நடந்தன. தமிழ்நாட்டு மாசு வரலாற்றைப் புரட்டினால் இதே கதைதான் எங்கும். பாலாற்றுத் தோல் ஆலைகள் மீது 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதியது வேலூர்க் குடிமக்கள் அமைப்பு வழக்குப் போட்டதால். நொய்யலைக் கெடுத்த திருப்பூர் சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் மூட உத்தரவு வந்தது ஆயக்கட்டு விவசாயிகள் விடாமல் நீதிமன்றம் ஏறியதால். தூத்துக்குடியில் தாமிர ஆலையை எதிர்த்த போராட்டத்தில் 2018 மே மாதம் 13 பேர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த பிறகே ஆலையை நிரந்தரமாக மூடும் அரசாணை வந்தது. அதை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உறுதி செய்தது. வாரியத்தில் நேர்மையான பொறியாளர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் மக்கள் கத்திய பிறகுதான் வாரியம் முழு வேகத்தில் நகர்ந்திருக்கிறது.

நடுக்கல்லூருக்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. மருத்துவக் கழிவை முறைகேடாகக் கொட்டுபவர்களைத் தடுப்புக் காவலில் வைக்க, குண்டர் சட்டம் 2025இல் திருத்தப்பட்டது. பயம் வேண்டியதுதான். ஆனால் பிடிபட்டவனுக்குத்தான் தண்டனை. பிடிப்பதற்கு எல்லையில் ஆள் வேண்டும். புளியரைச் சோதனைச் சாவடியில் காவலரோடு வாரியத்தின் பணியாளர் ஒருவரும் இரவு பகலாக இருக்க வேண்டும். மூடிய தார்ப்பாயைத் திறந்து பார்க்கும் அதிகாரமும், உள்ளே இருப்பது என்ன கழிவு என்று அங்கேயே சொல்லும் பயிற்சியும் அவருக்கு வேண்டும். பையில் பார்கோடு இருந்தால் அது எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தது என்பதை இரு மாநில வாரியங்களும் அன்றைக்கே அறிய ஒரு பொதுப் பதிவேடு வேண்டும். லாரிக்காரரோடு நிறுத்தாமல், கழிவை அனுப்பிய ஆஸ்பத்திரியிடமும் ஒப்பந்தக்காரரிடமும் இழப்பீடு வசூலிக்க வேண்டும். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இலேயே ஏற்றுவிட்டது.

ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கத்து விவசாயிகளுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தோப்பிலோ குளத்தங்கரையிலோ இப்படி ஒரு குவியலைக் கண்டால் கையால் தொடாதீர்கள், தீ வைக்காதீர்கள், மண்ணைப் போட்டு மூடவும் வேண்டாம். ஊசி குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி வரை உடலில் ஏறும். மாடு, ஆடு, பிள்ளைகள் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் தெரியும்படி படம் எடுங்கள். வண்டியைப் பார்த்திருந்தால் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலர், காவல் நிலையம், மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் மூவருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். நிலத்தை வாடகைக்குக் கேட்டு யாராவது வந்தால் என்ன கொட்டப்போகிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், அவர் எவ்வளவு பணம் தருவதாகச் சொன்னாலும் நிலத்தைக் கொடுக்காதீர்கள்.