நினைவுச் சின்னங்களில் பெயர்க் கிறுக்கல்கள்: எழுதுவது ஏன்? அகற்றுவது எப்படி?

புது டெல்லி: டெல்லி லோதி தோட்டத்தின் கல்லறை மாடங்கள் முதல் ஹைதராபாத்தின் கோல்கொண்டா கோட்டை வரை, நாட்டின் பல தொன்மைச் சின்னங்களில் பார்வையாளர்கள் எழுதிச் சென்ற பெயர்களும் இதயக் குறிகளும் காணப்படுகின்றன. இவற்றில் வண்ணத்தால் எழுதியவற்றைப் பெரும்பாலும் அகற்றிவிடலாம். ஆணியாலோ சாவியாலோ கீறியவற்றை முழுமையாக நீக்க இயலாது.

காரணம் என்ன?

தாம் வந்து சென்றதற்கு அடையாளம் விட்டுச்செல்லும் விருப்பமே பலரையும் தூண்டுகிறது. சுவரில் ஏற்கெனவே கிறுக்கல்கள் இருந்தால் தயக்கம் மேலும் குறைகிறது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடத்தப்பட்டு 2008-ல் வெளியான ஆய்வு ஒன்று இதை உணர்த்துகிறது. சுவர் தூய்மையாக இருந்தபோது, மிதிவண்டியில் மாட்டப்பட்ட துண்டறிக்கையைத் தெருவில் வீசியவர்கள் 33 சதவீதம். அதே சுவரில் கிறுக்கல்கள் இருந்தபோது இது 69 சதவீதமாக உயர்ந்தது.

அகற்றும் முறை

முதலில் கல்லின் தன்மை ஆராயப்படுகிறது. நுண்துளைகள் கொண்ட மணற்கல் வண்ணத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். சலவைக்கல்லை அமிலம் அரித்துவிடும். எனவே கரைப்பானைக் களிமண் அல்லது காகிதக் கூழில் கலந்து கறையின் மீது பூசுகின்றனர். பூச்சு உலரும்போது, கரைந்த வண்ணத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. தாஜ்மஹாலின் மாசுக் கறையைப் போக்க முல்தானி மண் பூசப்படுவதும் இதையொத்த முறையே. கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், அழுத்தத்துடன் மணலைப் பீய்ச்சுவதும் கல்லின் மேற்பரப்பையே சிதைத்துவிடும். கீறல்களைச் சுண்ணாம்புக் காரையால் நிரப்பி மறைக்கலாம். இழந்த பகுதி திரும்பாது.

சட்டம் சொல்வது

தொன்மை நினைவுச் சின்னங்கள் மற்றும் தொல்லியல் தலங்கள், எச்சங்கள் சட்டம், 1958-ன் 30-வது பிரிவின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்போருக்கு 2 ஆண்டுகள் வரை சிறை, ரூ.1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 2010-ம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு இது 3 மாதச் சிறை அல்லது ரூ.5,000 அபராதமாக இருந்தது. பாரம்பரியத்தைப் பேணுவது குடிமக்களின் அடிப்படைக் கடமை என அரசமைப்புச் சட்டத்தின் 51-ஏ பிரிவும் கூறுகிறது.

புதிய கிறுக்கலைக் கண்டால், தாமே துடைக்க முயலாமல் உடனே காவலாளியிடம் தெரிவிப்பதே நல்லது. வண்ணம் கல்லுக்குள் ஊறும் முன் அகற்றினால் சேதம் குறையும். அடுத்தவர் எழுதத் துணிவதும் தடுக்கப்படும்.