சூனியக்காரியின் எளிய இல்லம்

சூனியக்காரி என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவிலே நம் மனக்கண்முன் தோன்றுவன ஒரு கிழவி, ஒரு துடைப்பம், கரிபிடித்த ஒரு பானை என்பனவே. மேனாட்டுச் சிறுவர் கதைகளைப் படித்த நமக்கு இவ்வோவியம் பழக்கமானது. ஆயினும், சற்றே எண்ணிப் பார்ப்போம். துடைப்பமும் பானையும் இல்லாத இல்லம் எங்குளது? அவை ஏழை இல்லத்துத் தட்டுமுட்டுப் பொருள்களேயன்றி வேறல்ல. இவ்வுண்மையைக் கைக்கொண்டால், இன்று இங்கிலாந்தில் தம்மைச் சூனியக்காரர் என்று தாமே கூறிக்கொள்வோர் தம் இல்லத்தைச் சிக்கனமாக நடத்தும் முறை விளங்கும். முற்காலத்தில் அவ்வெளிமையே சிலர்க்குத் தூக்குக் கயிறாய் முடிந்ததும் விளங்கும்.

முதற்கண் இவர்கள் யாவர் என்பதை அறிதல் வேண்டும். ஜெரால்டு கார்ட்னர் என்பார் 1954-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலால் இந்நெறி பலரும் அறிய வந்தது. இதற்கு விக்கா என்பது பெயர். இந்நெறியினர் பலர் இறைமையை ஆணும் பெண்ணுமாகக் கண்டு வணங்குவர்; திங்களின் நிலைகளைப் போற்றுவர்; ஆண்டிற்கு எட்டு விழாக்கள் எடுப்பர். பிறர்க்குத் தீங்கிழைத்தல் ஆகாது என்பது இவர்தம் கோட்பாடு. ஆதலின் நம் நாட்டில் பில்லி சூனியம் என்று அஞ்சப்படுவதையும் இதனையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. 2021-ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 பேர் இதனைத் தம் சமயமாகக் குறித்தனர்.

இனி இல்லத்தினுள் புகுவோம். பிர்ச்சு மரத்தின் மெல்லிய கிளைகளைக் கோலொன்றிற் கட்டிய துடைப்பம் ஒரு மூலையிற் சார்த்தப்பட்டிருக்கும். வழிபாடு தொடங்குமுன் அவ்விடத்தை அதனாற் பெருக்குவர். தூசியோடு தீய எண்ணமும் அகலுக என்பது கருத்து. உப்பும் நீரும் இடத்தைத் தூய்மை செய்யும் பொருள்கள். சாளரத்தின் ஓரத்தில் சிறு தொட்டிகளில் ரோஸ்மேரி, சேஜ், லாவெண்டர் முதலிய செடிகள் வளரும். அவற்றைக் கொத்தாகக் கட்டி உலர்த்தி வைப்பர். கறிக்கு மணமூட்டுவதும், துணிப்பெட்டியில் இடுவதும், வழிபாட்டிற் புகைப்பதும் அவ்வொரு கொத்தே. எரிந்து எஞ்சிய மெழுகுத்திரித் துண்டுகளை உருக்கி மீண்டும் திரியாக வார்ப்பாரும் உளர். ஆகஸ்டுத் திங்கள் முதல் நாளில், புதிய தானியத்தின் மாவினால் அப்பஞ்சுட்டுப் பகிர்ந்துண்பர். அந்நாளின் பெயராகிய லாம்மஸ் என்பது, பண்டை ஆங்கிலக் கிறிஸ்தவர் முதல் விளைச்சலின் அப்பத்தைத் திருக்கோயிலுக்குக் கொணர்ந்த திருநாளின் பெயரே என்பது நாம் அறியத்தக்கது.

இவ்வெளிமைக்குக் காரணம் வறுமை மாத்திரம் அன்று. கார்ட்னரின் குழுவில் வழங்கிய விதிகள், கருவிகள் எவ்வில்லத்திலும் காணத்தக்க பொதுப்பொருள்களாகவே இருத்தல் வேண்டும் என்று கூறும். சோதனையிட வருவோர் ஐயுறாதிருத்தற் பொருட்டாம். இவ்விதிகள் தொன்மையானவை அல்ல என்பர் ஆராய்ச்சியாளர். எனினும் அவற்றினின்று நல்லதொரு பழக்கம் பிறந்தது. இன்று பளிங்குக் கற்களையும் பட்டாடைகளையும் மிகுந்த விலைக்கு விற்கும் கடைகள் பல உள. எளிமையை விரும்புவோர் அவற்றை நாடுவதில்லை. ஆற்றல் பொருளில் இல்லை, பயன்படுத்துவோரின் கருத்தூன்றிய உள்ளத்தில் உளது என்பதே அவர்தம் விடை.

ஆனால் இதே பானையும் செடிகொடியும் ஒரு காலத்தில் குற்றச் சான்றுகளாயின. 1612-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், லங்காஷயரில் பெண்டில் மலைக்கு அருகே வாழ்ந்த அலிசன் டிவைஸ் என்னும் ஏழைப்பெண், வழியில் எதிர்ப்பட்ட சுமைவணிகன் ஒருவனிடம் சில குண்டூசிகள் கேட்டாள். அவன் கொடுக்க மறுத்தான். சிறிது பொழுதில் கைகால் செயலிழந்து வீழ்ந்தான். அது வாதநோய் என்று இக்காலத்தார் கருதுவர். அக்காலத்தாரோ சூனியம் என்றனர். அவள் பாட்டியாகிய கண்ணிழந்த முதியவள் சிறையிலேயே மாண்டாள். ஏறத்தாழ ஒன்பது வயதுச் சிறுமி தன் தாய்க்கு எதிராகவே சான்று பகர்ந்தாள். அவ்வாண்டு ஆகஸ்டில் லங்காஸ்டரில் பதின்மர் தூக்கிலிடப்பட்டனர். அச்சிறுமியின் தாயும் தமையனும் தமக்கை அலிசனும் அவருள் அடங்குவர். சில குண்டூசிகளின் விலை இத்துணை!

1735-ஆம் ஆண்டுச் சட்டம் இக்கொலைத் தண்டனையை ஒழித்தது. சூனிய ஆற்றல் உடையேன் என்று பொய்யுரைத்தலையே குற்றமாக்கியது. அச்சட்டமும் 1951-இல் நீக்கப்பட்டது. அதன் பின்னரே கார்ட்னரின் நூல் அச்சேறியது.

யான் அந்நெறியினன் அல்லேன். அதனைப் பரப்புதலும் என் நோக்கமன்று. ஆயினும் பெண்டில் வழக்கில் தீர்ப்பளித்தோர் நம் திருமறையைக் கையில் ஏந்தியவரே என்பதை மறத்தல் இயலாது. அயலாளின் வறிய குடிசையிற் கிடந்த பொருள்களைக் கண்டார்கள். அவளுடைய பசியைக் கண்டார்கள் இல்லை. நம் தெருவிலும் தனித்து வாழும் கிழவியர் உளர். அவர்தம் வாயிலைக் கடக்குங்கால், அச்சத்தோடு விலகாது, வேண்டுவது யாதென்று கேட்போமாக. அவர் வேண்டுவன பெரும்பாலும் சில குண்டூசிகளின் அளவினவே.